பால்கோவாவில் வைத்த விஷம்

மத்தூரில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலையிலேயே பால்கோவா கிளறி இறக்கினேன். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா அடுப்படிக்கே வந்துவிட்டார். "தள்ளும்மா, கோவாவைப் பிசையிற பக்குவம் உனக்கு எங்க தெரியப்போவுது?" என்று கையை விட்டுப் பிசைந்தார். நகச்சுற்று வந்த விரலில் துணி சுற்றியிருந்தார். சம்பந்தி வீட்டாரை என்னவென்று தடுப்பது? எதற்கும் இருக்கட்டுமென்று சாயங்காலம் அதை மறுபடி நன்றாகச் சுடவைத்தே பரிமாறினேன்.

விருந்து முடிந்த சற்று நேரத்தில் எல்லோருக்கும் வாந்தி. "பொண்ணு வூட்டுக்காரி விஷம் வெச்சிட்டா! இந்தச் சம்பந்தமே வேணாம்!" என்று பெரியப்பா தெருவில் நின்று கத்தினார். மகள் அழுதாள். இந்தப் பேச்சுக்கு அவரைச் சும்மா விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் விரல் துணியை அவிழ்த்தார். உள்ளே சீழ். "இந்தக் கிருமிதான் பகலெல்லாம் கோவாவில் பெருகி விஷம் கக்கியிருக்கு. சுடவெச்சா கிருமி சாகும், கக்கின விஷம் சாகாதம்மா" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை ஊரெல்லாம் சொல்கிறேன்.

எல்லோரும் தேறினார்கள், சம்பந்தமும் நிலைத்தது. கல்யாணத்தன்று சமையற்கட்டு வாசலில் பெரியப்பாவை மறித்தேன்.

"அண்ணா, விரலைக் காட்டுங்க."

"என்னா தங்கச்சி, திருடனைப் புடிச்ச மாதிரி?"

"விஷம் வெச்சவங்களைப் புடிக்கணுமில்ல?"

பந்தியே சிரித்தது. அவர் இரு கையையும் நீட்டினார்.

இப்போது விரலில் புண்ணுள்ள யாரையும் பண்டம் தொட விடுவதில்லை. பால் பண்டத்தைச் செய்த கையோடு பரிமாறிவிடுகிறேன். பெரியப்பாவுக்கு மட்டும், புண் இல்லாவிட்டாலும், நாலு பேர் முன்னால்தான் சோதனை.