இருமல் வராத தொண்டை

தாணம்மாளுக்குப் பயம் கிடையாது என்று அருமனையில் பேச்சு. அவள் வாயைத் திறந்தால் ரேஷன் கடைத் தராசே ஒழுங்காக நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும், கரண்டு கணக்கெடுக்க வந்தவரானாலும், அவித்த மரச்சீனிக் கிழங்கும் கட்டன் காப்பியும் உள்ளே போகாமல் படியிறங்க முடியாது.

அப்பேர்ப்பட்டவளை ஒரு வாய்த் தண்ணீர் நடுங்க வைத்தது.

ரப்பர் வெட்டப் போன அவள் கணவன் வைகுண்டராஜனை நல்லபாம்பு கடித்துவிட்டது. மூச்சு அடங்கிப்போனவரை நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, தொண்டைக்குள் குழாய் இறக்கி, மிஷின் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். ஒரு வாரத்துக்கும் மேலாகி, குழாயை எடுத்ததும் அவர் சொன்ன முதல் சொல், "தண்ணி."

"வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணிகூட குடுக்கப்பிடாது அக்கா," என்றாள் நர்ஸ் ஜிஷா. "நாளைக்கு விழுங்குதாரான்னு சோதிச்ச பெறவுதான்."

தாணம்மாள் தலையாட்டினாள். ஆனால் அவள் பையில் சாமிதோப்பிலிருந்து கொண்டுவந்த குப்பி இருந்தது. உள்ளே முத்திரிக் கிணற்றுப் பதம், அங்குள்ள அய்யா கோயில் தீர்த்தம். அய்யாவை நம்பும் குடும்பத்தில் அதுதான் முதல் மருந்து. தண்ணீர்தானே கூடாது? பதத்தைத் தண்ணீர் என்று யாராவது சொல்வார்களா?

ஜிஷா அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும், குப்பி மூடியில் ஊற்றி அவர் வாயில் விட்டாள். அவர் இருமவில்லை. புரையேறவும் இல்லை. கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். அந்தத் தைரியத்தில் இன்னொரு மூடியும் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. நெஞ்சுக்குள் கரகர என்று சத்தம். மறுபடி குழாய் போட வேண்டிவரலாம் என்றார் டாக்டர். பிறகு அவளைப் பார்த்து, "வாயில ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

 பாம்பு விட்டுவைத்தவரை நீ கொன்றாய் என்று ஊர் சொல்லும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அய்யாவின் பதம் கொன்றது என்று சொல்லிவிட்டால்? இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கட்டிலில் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தார்.

"குடுத்தேன் டாக்டரே. பதம் குடுத்தேன்," என்று உடைந்தாள். "ஆனா அவரு இருமவே இல்லியே!"

"அதுதாம்மா மோசம். குழாய் கிடந்த தொண்டை சிலருக்கு மரத்துப்போகும். எந்தத் தண்ணியானாலும் நுரையீரலுக்குள்ள இறங்குறது அவங்களுக்கே தெரியாது. இருமியிருந்தா வெளிய தள்ளியிருப்பார். நல்லவேளை, சொன்னீங்க."

உடனே மருந்தை மாற்றினார்கள். அன்று முழுக்க அவள் வார்டின் கண்ணாடிக் கதவை விட்டு நகரவில்லை. மறுபடி குழாய் போடாமலே காய்ச்சல் இறங்கியது. பிறகு விழுங்கப் பயிற்சி கொடுத்து, கூழ்போல் கெட்டியாக மட்டும் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பயம் மட்டும் அவள்கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. ஊருக்கே ஊட்டிய கை, கெட்டிக் கஞ்சிக் கரண்டியைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். அவர் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையையே உற்றுப் பார்ப்பாள்.

"ஏட்டி, மனுசன நிம்மதியா தின்ன விடு," என்பார் அவர்.

ஒருநாள் கஞ்சி புரையேறி, கண்ணில் நீர் வர அவர் இருமினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இசபெல் பதறி ஓடிவந்தாள். தாணம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள்.

"இருமுதாரு இசபெல், இருமுதாரு!"