என் பெயரில் பதிந்த மகள்

தொண்ணூறுகளின் கடைசியில் மகளுக்கு ஹேண்ட்போன் வாங்கித் தந்தேன். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். நான் கவலைப்பட ஒரு கருவி வேண்டாமா? முன்யோசனைக்காரன் என்பதால் இணைப்பை என் பெயரில், என் ஐ.சி. அடையாள அட்டை எண்ணில் பதிந்தேன். பேட்டரிக்கு அடியில் அச்சிட்டிருந்த பதினைந்து இலக்க எண்ணையும் டைரியில் குறித்துக்கொண்டேன். இனி அவள் தொலைய வழியே இல்லை.

ஒருநாள் மூன்று மணிக்கு வரவேண்டியவள் மூன்றேகாலுக்கும் வரவில்லை. பண்டமாரானில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு அரைமணி நேரம் புலம்பினேன். பிறகுதான் அவள் எண்ணை அழைக்கத் தோன்றியது. ஓர் இளைஞன் எடுத்தான்.

"யார் வேணும்? இது என் போன்லா, அங்கிள். ராங் நம்பர்."

மறுபடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

டைரியோடு இணைப்பு நிறுவனத்தின் கிளைக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் என் பதினைந்து இலக்கங்களைப் பரிவோடு பார்த்தாள்.

"இது போன் பாடியோட நம்பர், அங்கிள். கால் போறது சிம் கார்டுக்கு. கார்டை எந்த போன்ல போட்டாலும் அந்த போன்தான் அடிக்கும்." கணினியைத் தட்டினாள். "கார்டு ஓகே. லைன் ஓடுது." என் பெயரைப் படித்தாள். "இது யாரு?"

"நான்."

"காணாமப் போனது?"

"என் மக."

"அவங்க பேரு சிஸ்டத்துல இல்லையே. ரெக்கார்டுபடி நீங்க பத்திரமா இருக்கீங்க, அங்கிள்."

பெரிய நிம்மதி. கருவிக்கு ஓர் எண், அட்டைக்கு ஓர் எண், அப்பனுக்கு ஓர் எண். பிள்ளைக்கு மட்டும் எங்கும் இடமில்லை.

போலீஸில் கொடுக்கப் படம் வேண்டுமே என்று வீட்டுக்கு வந்து ஆல்பத்திலிருந்து ஒன்றை உரித்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள்.

"பேட்டரி செத்துப்போச்சுப்பா. லேட்டாகும்னு சொல்ல என் கார்டைக் கூட்டாளியோட அண்ணன் போன்ல போட்டேன். அவருக்குக்கூடத் தெரியாது. வீட்டு லைன் எங்கேஜ்டாவே இருந்துச்சு. பஸ் வந்ததும் கார்டை மறந்துட்டு ஓடிட்டேன்."

அந்த இளைஞன் பொய் சொல்லவில்லை. போன் அவனுடையது. உள்ளே இருந்த அட்டைதான் நான்.

"எதுக்குப்பா என் படம்?"

"ஒரு ஃபாரத்துக்கு," என்றேன். அதைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன். கோணலாகவே உட்கார்ந்தது, அவளே வாங்கி ஒட்டினாள்.