அமெரிக்காவின் இடது உதடு

அலுவலகத்தில் அவருக்கு ‘அமெரிக்கா’ என்று பட்டப்பெயர். அமெரிக்காவுக்குப் போய் வந்தவர் என்பதால் அல்ல. மனிதருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. கார் உதிரிபாகங்களை அமெரிக்கர்களுக்குத் தொலைபேசியில் விற்கும் கால் சென்டரில் அவர் உச்சரிப்புப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் அவரும் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கியவர்தான். இப்போது கதவு வைத்த கேபின், சுழல் நாற்காலி, போகிற இடமெல்லாம் ‘சார்’. எல்லாம் ஒரே ஒரு சொல் போட்ட பிச்சை: ‘மிரர்’.

கம்பெனியில் அதிகம் விலைபோவது காரின் பக்கவாட்டுக் கண்ணாடி. நம் ஆட்கள் வாயில் அதன் இரண்டு ‘ர’வும் தனித்தனியாகக் கணீரென்று விழும். அமெரிக்கர் வாயில் அப்படி விழாதாம். இவர் எங்கிருந்தோ ஒரு வாடிக்கையாளரின் குரல்பதிவுத் துண்டைப் பிடித்தார். அசல் அமெரிக்கக் குரல். அதில் ‘மிரர்’ முக்கால்வாசி விழுங்கப்பட்டு, ‘மீழ்’ என்று வழிந்தது. குளியலறையில் நின்று வாயைக் கோணிக் கோணிப் பார்த்து, சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். நாக்கை மடக்க வேண்டும். இடதுபக்கக் கீழுதட்டைத் தொங்கவிட வேண்டும். அன்று பிடித்தது யோகம்.

வீட்டிலாவது விட்டாரா? மனைவியிடம் ‘வாரர்’ கேட்டார்.

“தண்ணினு வாயத் தொறந்து கேட்டா தர்றேன். இல்லேன்னா தாகத்தோட கெடங்க.”

மாணவர்கள்தான் பாவம், அப்படிச் சொல்ல முடியாது. புதிய பேட்ச்சில் ஒரு பெண். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆங்கிலம் தெளிவாகப் பேசுவாள்; அதுதான் அவளுடைய குற்றம்.

“ஏம்மா, சண்டைக்கா வந்திருக்க? உதட்ட ஏன் இவ்ளோ விறைப்பா வச்சிருக்க? தொங்க விடு.”

“விட்டா எச்சில் ஒழுகுது சார்.”

வகுப்பு சிரித்தது.

“ஒழுகட்டும், துடைச்சுக்கலாம். வேலை ஒழுகிப் போச்சுன்னா எத வச்சுத் துடைப்ப?” அவளை மறுபடியும் ஃபெயில் போட்டார். அடுத்த முறையும் தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வாரம், இவர்கள் விற்கும் கண்ணாடிகளைச் செய்யும் அமெரிக்கக் கம்பெனியிலிருந்தே ஒரு அம்மாள் நேரில் பார்வையிட வந்தார். மேனேஜர் வாசலுக்கும் லிஃப்ட்டுக்கும் பம்பரமாகச் சுற்றினார். அமெரிக்கா தன் பேட்ச்சை வரிசையாக நிறுத்திக் கை அசைத்தார். எல்லா இடது உதடுகளும் ஒன்றாகத் தொங்கின. “மீழ்!”

அந்த அம்மாள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு, மருத்துவமனையில் பேசுகிற மெல்லிய குரலில், இவர்களுக்கெல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அமெரிக்கா அசரவில்லை. தன் பொக்கிஷமான அந்தக் குரல்பதிவுத் துண்டை ஓடவிட்டார். அதைக் கேட்ட அம்மாள், முழு அழைப்பையும் ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டும் என்றார். கிடங்கில் கிடந்த பதிவைத் தேடி எடுத்தார்கள். எடுத்த எடுப்பிலேயே அந்த வாடிக்கையாளர் மன்னிப்புக் கேட்டார்: இப்போதுதான் பல் டாக்டரிடமிருந்து வருகிறாராம். ஊசி போட்டதில் வாயின் இடதுபக்கம் மரத்துப் போயிருக்கிறதாம்.

இத்தனை வருடமாக ஒரு தேசத்தின் நாக்கைக் கற்பித்ததாக நினைத்திருந்தவர், கற்பித்தது ஒரு ஊசியை. வரிசையில் நின்ற, ஃபெயில் வாங்கிய அந்தப் பெண் மட்டும் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அமெரிக்கா கேபினுக்குப் போய் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினார். இனி ஹெட்செட்தான், பழைய திட்டுதான். அதுவும் தன்னிடம் படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து. கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் வந்தார். முகமெல்லாம் பல்.

“என்னய்யா மூட்டை கட்றீங்க? உக்காருங்க. அந்தம்மா நம்ம விற்பனைக் கணக்கப் பாத்துட்டாங்க. நம்மகிட்ட யாருமே பேரம் பேசறதில்ல, கவனிச்சீங்களா? ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ‘பாவம், பேச்சு வராத பிள்ளைங்களுக்கு வேலை குடுத்திருக்காங்க’ன்னு எரக்கப்பட்டு வாங்கறாங்களாம்!”

“அப்போ... நான் என்ன சார் பண்றது?”

“அப்படியே சொல்லிக் குடுங்க. உதடு இன்னும் கொஞ்சம் தொங்கினா நல்லதுன்னாங்க.”

சூடு சுரணை உள்ளவன் அங்கேயே ராஜினாமா எழுதியிருப்பான். இவர் எடுத்து வைத்த சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக இழுப்பறைக்குள் திருப்பி வைத்தார். ஆசுவாசமாகத்தான் இருந்தது, அந்த ஆசுவாசம்தான் அவருக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கடைசித் தேர்வு.

“சார், இது ஊசி போட்ட வாய்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். இன்னுமா சார் இதையே சொல்லணும்?”

“தெரிஞ்சா என்ன? உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும்” என்றாள். அதைச் சொல்லும்போது உதடு விறைப்பாகத்தான் இருந்தது. பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது ஓரம் மெல்லத் தளர்ந்து சரிந்தது.

“மீழ்.”

கச்சிதம். ஊசி போட்டுக்கொண்டவர்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லவில்லை. ‘வெரி குட்’ சொல்ல வாயெடுத்தவர், அவள் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டு, “அடுத்தது யாரு?” என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.