லிஃப்டம்மா பார்க்கப் போன பனிச்சுவர்

முப்பத்தொரு வருஷம் ஒரே வண்டியில் போய்வந்தவள் லிஃப்டம்மா. ஆனால் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை. பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் லிஃப்டுக்குள், பொத்தான்களுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருந்தாள். ஜன்னல் கிடையாது. எதிரே ஓர் இரும்புக் கதவு. திறந்தால் ஆள், மூடினால் மறுபடியும் கதவு. அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட அவள் பெயர் தெரியாது. லிஃப்டம்மா என்றால்தான் தெரியும். கட்டிய புருஷனே நாளடைவில் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் கண்ணாடிக்காரர். மூக்கில் மாட்டுகிற கண்ணாடி இல்லை, ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி. உடைந்ததை எடுத்துவிட்டுப் புதுசு பொருத்துவது தொழில். இரண்டு பேருக்கும் பழக்கமானதே அந்த லிஃப்டில்தான். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஏறினார்.

"எத்தனாவது மாடி?"

"ஒம்பது. மெதுவா கொண்டு போம்மா, இது உடைஞ்சா என் வேலை போயிடும்."

லிஃப்டை மெதுவாகக் கொண்டுபோக முடியாது என்பது தெரியாத மனுஷன்! அவளும் சரியென்று தலையாட்டிவிட்டுப் பொத்தானை மட்டும் மெதுவாக அழுத்தினாள். ஒன்பதாவது மாடி வந்ததும் அவர் ரொம்ப நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். அந்த வருஷமே கல்யாணம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொல்லுவார். "இன்னிக்கு மேலேர்ந்து கடல் என்னமா தெரிஞ்சுது தெரியுமா? வெள்ளைக் கப்பல் ஒண்ணு. அதுக்குள்ளயே பத்து மாடி இருக்கும்." அவளும் அன்று முழுக்க அதே கட்டடத்தில்தான் இருந்திருப்பாள். ஆனால் அவளுக்குக் கிடைத்தது கதவுதான். "ஒரு நாள் நானும் பாக்கணும்ங்க. நீங்க சொல்லிக் கேக்கறது வேற. நீங்க பக்கத்துல நிக்க, நானே பாக்கணும்" என்பாள். வேலை ஓயட்டும், போகலாம் என்பார் அவர்.

வேலை ஓய்ந்தது. மூன்றே மாதத்தில் அவருக்கு வாதம் வந்து இடது கையையும் காலையும் இழுத்துவிட்டது. பேச்சு தப்பித்தது, ஆனால் பேசுகிற ஆசை போய்விட்டது. வாழ்நாளெல்லாம் ஜன்னலோடு கிடந்த மனிதர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஏழெட்டு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள், "எதைப் பாத்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அந்தப் பேச்சுத்தான் அவளைக் குத்தியது. கால் போனதுகூட அவளை அவ்வளவு நோகடிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு பயண நிறுவனத்துக்குப் போய் வண்ண விளம்பரத்தாள் ஒன்றை வாங்கி வந்தாள். வயதான தம்பதிகளுக்கென்றே ஒரு பயணம்: மூன்று நாள் கண்ணாடிக் கூரை போட்ட ரயிலில் மலைப்பாதை, அதன்பின் ஏழு நாள் கப்பல், ஆறாம் நாள் காலை பத்து மணிக்குப் பனிச்சுவர். மலையிலிருந்து வழிந்து வந்த பனி கடலோரத்தில் செங்குத்தாக நிற்குமாம். கப்பல் அதன் முன்னால் சரியாக ஒரு மணி நேரம் நிற்குமாம்.

மகன் தாம்தூம் என்று குதித்தான். "அப்பா இருக்கற நிலைமையில கப்பலாம்மா? என்ன விளையாடறியா?"

"நான் விளையாடி எத்தனையோ வருஷமாச்சுடா. இப்பவாவது விளையாடறேன், விடு."

ஆனால் தாளின் அடியில், பொடி எழுத்தில், ஒரு நிபந்தனை இருந்தது. பயணி கப்பல் ஏணியின் பதினெட்டுப் படிகளையும் பிறர் கை பிடிக்காமல் ஏற வேண்டும். முடியாவிட்டால் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். கண்ணாடிக்காரர் அதைப் படித்துவிட்டு, அப்பாடா, பிழைத்தோம் என்று தாளை மடித்துக் கொடுத்தார். அவருக்கு அவளைத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை தொடங்கியது பாடு. அவர்கள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடம். அவர் இனிமேல் லிஃப்டில் கால் வைக்கக் கூடாது என்றாள். முப்பத்தொரு வருஷம் ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கியவள், சொந்தப் புருஷனைப் படியில் விட்டாள்! அதோடு போயிற்றா? அவர் கைப்பிடியைப் பற்றித் தடுமாறிக்கொண்டு ஏற, இவள் ஒய்யாரமாக லிஃப்டில் போய் அடுத்த மாடியில் இறங்கி, படியின் உச்சியில் நின்றுகொண்டு கீழே பார்த்து எண்ணுவாள். "ஒண்ணு... ரெண்டு... அங்க என்ன நின்னாச்சு?"

"நீ மட்டும் சொகுசா லிஃப்ட்ல போற!"

"எனக்கு அது பழக்கம். உங்களுக்கு இது பழக்கமாகணும்."

முதல் வாரம் மூன்று படிக்குமேல் முடியவில்லை. ஒரு நாள் கைத்தடியைத் தூக்கி எறிந்தார். அது உருண்டு உருண்டு தரைத்தளம் வரை போனது. அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்படி அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் லிஃப்டில் இறங்கிப் போய் தடியை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

"திட்டுங்க. வேணாங்கல. திட்டிக்கிட்டே ஏறுங்க."

ஐந்து மாதம். சனி, ஞாயிறு என்று விடுமுறை கிடையாது. ஐந்தாம் மாதக் கடைசியில் நாலு மாடியையும் ஏறினார். வியர்த்து வழிந்தபடி மொட்டைமாடிக் கதவில் சாய்ந்து நின்றவர், வெளியே பார்த்துவிட்டு, "அந்தத் தண்ணித்தொட்டி புதுசா வெச்சிருக்காங்க போல" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் கண்ணில் பட்டதாகச் சொன்ன முதல் விஷயம் அது. லிஃப்டம்மா அன்று மாலை கடைக்குப் போய் இரண்டு பெட்டி வாங்கினாள்.

புதுக் கோட்டு மட்டும் வாங்கவில்லை. வேலைக் காலத்தில் குளிருக்குக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு, பித்தளைப் பொத்தான்களோடு அப்படியே இருந்தது. "சீருடையை மாட்டிக்கிட்டா ஊர் சுத்தப் போற?" என்றார் அவர். "கெட்டியான துணி. இன்னும் பத்து வருஷம் வரும்" என்றாள். அதற்கு அவள் அனுபவிக்கப் போவது அப்போது தெரியவில்லை.

ரயில் அற்புதம். தலைக்குமேலேயும் கண்ணாடி. அவர் ஏறியதுமே விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்து, "ரெண்டடுக்கு. நல்ல வேலை" என்று சான்றிதழ் கொடுத்தார். பாலம், பள்ளத்தாக்கு, அருவி என்று ஒவ்வொன்றாக வந்தது. இவளோ, பெட்டியின் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பி, முதுகை நிமிர்த்தி உட்காருவாள். யாரோ கழிவறைக்குப் போய்வருவார்கள். அதற்குள் அருவி போய்விட்டிருக்கும்.

"ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கு" என்றார் அவர்.

"தெரியுதுங்க. கழுத்து தானா திரும்புது, நான் என்ன செய்ய?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வந்து, கடைசியில் கதவையா பார்ப்பது? பனிச்சுவரை விடுவதில்லை, கப்பல் நிற்கிற அந்த ஒரு மணி நேரமும் கண்ணை எடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கப்பல் ஏணியின் பதினெட்டுப் படியையும் கண்ணாடிக்காரர் தனியாகவே ஏறினார். மேலே நின்ற சிப்பந்தி கை நீட்டியதற்கு, "வேணாம் தம்பி, பின்னாடி ஒருத்தி எண்ணிக்கிட்டு வரா" என்றார்.

ஆறாம் நாள் வந்தது. ஒன்பதாவது மாடியில் திறந்த தளம். ஒன்பதே முக்காலுக்கே போய்க் கம்பியோரம் நல்ல இடமாகப் பிடித்துவிட்டார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். கம்பளித் தொப்பி இரண்டாவது மாடியில் இருந்த அறையிலேயே கிடந்தது.

"நகராம இங்கயே நில்லுங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

போனாள், தொப்பியை எடுத்தாள், திரும்ப லிஃப்டில் ஏறினாள். அது வரைக்கும் சரி. மூன்றாவது மாடியில், கைத்தடியை ஊன்றி ஊன்றி ஒரு கிழவி ஏற வந்தாள். அவள் பாதி நுழைவதற்குள் கதவு மூடப் பார்த்தது. லிஃப்டம்மாவின் கை தானாகப் போய்த் திறக்கும் பொத்தானை அழுத்தியது. கிழவி ஏறியதும், வாயும் தானாகவே கேட்டது: "எத்தனாவது மாடி?"

அவ்வளவுதான். பித்தளைப் பொத்தான் கோட்டு, பொத்தான் பலகை ஓரமாக நிமிர்ந்த முதுகு, அதிகாரமான கேள்வி! கப்பல் ஆள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள்? கப்பல் முழுக்க வயதானவர்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே போக வேண்டும். "ஒம்பதும்மா", "எங்களுக்கு ஏழு", "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா, அவர் வராரு". ஒன்பதில் இறங்கப் போனால் கீழே ஒரு முட்டிவலிக்காரர் காத்திருப்பதாக ஒருவர் சொன்னார். அந்த முட்டிவலியை ஏற்றிவிட்டால் அடுத்தது இரண்டு கைத்தடி. ஆள் நிற்கும்போது லிஃப்டை விட்டுப் போவதா? முப்பத்தொரு வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே கிடையாது. இந்த ஒரு நடை, இந்த ஒரு நடை என்று ஏறி இறங்கினாள். தொப்பி அவள் கோட்டுப் பையிலேயே இருந்தது.

ஒலிபெருக்கி அலறியது. இன்னும் பதினைந்து நிமிடத்தில் கப்பல் திரும்பப் போகிறது என்றது.

லிஃப்டம்மாவுக்குப் பகீரென்றது. முக்கால் மணி நேரம் போய்விட்டதா? பைத்தியக்காரி, எதற்காக வந்தாய், என்ன செய்துகொண்டிருக்கிறாய்! ஏழாவது பொத்தானையும் ஒன்பதாவது பொத்தானையும் அழுத்திவிட்டு, விரலை எடுக்காமல் நின்றாள். லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்று கதவு திறந்தது.

எதிரே கண்ணாடிக்காரர் நின்றார். தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு இரைக்க, காதெல்லாம் சிவந்துபோய். ஒன்பதிலிருந்து நாலு மாடிப் படி இறங்கி வந்திருக்கிறார். இவள் எங்கேயோ விழுந்து கிடக்கிறாள் என்று ஒவ்வொரு தளமாகத் தேடிக்கொண்டு.

அவளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பொத்தான் மேல் இருந்த விரலைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி" என்றார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்று தடுமாறினாள். எங்கே உள்ளே வருவது? அவர் ஒரு கால் வைத்ததுமே பாரம் தாங்காமல் லிஃப்ட் கத்தியது.

"நீ வெளிய வா, லிஃப்டம்மா."

"இவங்கள மேல விட்டுட்டு..."

"அவங்களுக்கும் விரல் இருக்கு. வா."

வெளியே வந்தாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டு போனது. இந்தக் கூட்டத்தில் அது மாடிக்கு மாடி நின்று திரும்பிவரப் பத்து நிமிஷத்துக்குமேல் ஆகும். அந்தக் கணக்கு அவளைவிட யாருக்குத் தெரியும்? "நீங்களாவது மேலயே இருந்து பாத்திருக்கலாமே. எல்லாம் என்னாலதான் போச்சு" என்று அழுதாள்.

"நான் மட்டும் பாக்கறதுக்கா என்னை அஞ்சு மாசம் வதைச்ச? படியில போலாம், நட."

"நாலு மாடியா? எனக்குப் படி பழக்கமில்லீங்க."

உண்மைதான். அவள் முட்டி படியைக் கண்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அவர் வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, முதலில் ஏறினார். படி திரும்புகிற இடத்தில் நின்று, தடியில் சாய்ந்துகொண்டு, கீழே பார்த்து எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... அங்க என்ன நின்னாச்சு?"

ஆறாவது மாடியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஏழாவதில் முட்டி தீயாக எரிந்தது. "நீங்க மனுஷனே இல்ல! கல்நெஞ்சக்காரர்!" என்று கத்தினாள். "திட்டு. திட்டிக்கிட்டே ஏறு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. எட்டாவது மாடியில் காலடியில் தரை மெல்ல அதிர்ந்தது. இயந்திரம் கிளம்பிவிட்டது. இரண்டு பேருமே அதை உணர்ந்தார்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஏறினார்கள்.

ஒன்பதாவது மாடியின் கதவை அவர் வலது தோளால் முட்டித் தள்ளினார். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த கூட்டம், குளிர் தாங்காமல் லிஃப்டின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கப்பல் மூக்கைத் திருப்பியிருந்தது. அவர்கள் பிடித்து வைத்திருந்த இடத்திலிருந்து இப்போது வெறும் கடல்தான் தெரிந்தது.

"பின்பக்கம்" என்றார் அவர். "கப்பல் போறதுன்னா, கடைசி வரைக்கும் பின்பக்கத்துலதான் தெரியும்."

பின்பக்கக் கம்பியோரம் ஆளே இல்லை. போய் நின்றார்கள்.

அம்மாடி! எதிரே, கடலிலிருந்து நேராக எழும்பி, கண்ணுக்கெட்டிய தூரம் பனி. அவள் வேலை பார்த்த பதினோரு மாடியும் அதன் காலடிக்குக் காணாது. அவர் எப்போதும்போல் சொல்லுவார் என்று காத்திருந்தாள்.

"நீ சொல்லு" என்றார். "என்ன தெரியுது?"

அவள் தொப்பியை எடுத்து அவர் தலையில் இழுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "நீலமா இருக்குங்க. வெள்ளைன்னு நெனச்சேன், உள்ளுக்குள்ள நீலம். அங்க ஒரு பிளவு. அதுக்குக் கீழ பறவைங்க, வரிசையா. ஐயோ, அங்க பாருங்க, அந்த மூலை..." மூலை சத்தமேயில்லாமல் பெயர்ந்து கடலில் விழுந்தது. விழுந்த பிறகுதான் சத்தம் வந்தது. அவர் தன் இடது கையை, ஒன்றரை வருஷமாகத் தூக்காத அந்தக் கையை, வலது கையால் எடுத்து அவள் கைமேல் வைத்தார்.

பின்னால் லிஃப்ட் வந்து மணி அடித்தது. கதவு திறக்கிற ஓசை கேட்டது. யாரோ, "ஏம்மா, இது கீழ போகுதா?" என்று கேட்டார்கள். அவள் விரல் ஒரு தடவை துடித்தது.

"உன்னைத்தான் கேக்கறாங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"கேட்டா கேட்டுட்டுப் போறாங்க" என்றாள் லிஃப்டம்மா, திரும்பாமலே.