மாமாவும் டீசல் கோச்சியும்

அம்மாவின் தம்பி எங்களிடம் வந்து சேர்ந்தது குளிர்காலத்தில். மாமாவிடம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை. பொலிஸ் மறித்தால் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அதனால் இத்தாலிய நகரம் ஒன்றின் சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டை விட்டு அவர் இறங்குவதே இல்லை. எட்டு வயதான எனக்குச் சொல்லப்பட்ட காரணம், மாமாவுக்குக் குளிர் ஒத்துவராது என்பது. கோடை வந்ததும் வெயில் ஒத்துவரவில்லை. பெரிய சோற்றுப் பானையை ஒற்றைக் கையால் தூக்கும் மனிதருக்கு ஏன் எந்தக் காலநிலையும் ஆகாது என்று நான் யோசிக்கவில்லை.

அம்மா வேலை செய்த வீட்டுச் சின்யோரா ஒருநாள் விளம்பரத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டார். பழைய ரயில்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் உலாப் போகலாமாம். எங்கள் வீட்டில் இத்தாலியன் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெரியவர்கள் எந்த மொழியிலும் பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டவர்கள் அல்ல. குசினி மேசையில் ஏறி நின்று வாசித்தேன். ஒன்று கரிக்கோச்சி, நகரத்துப் பெரிய ஸ்டேஷனிலிருந்து புறப்படும். மற்றது ஒற்றைப் பெட்டி டீசல் கோச்சி, மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கோதுமை வயல்களுக்கூடாக ஓடும்.

“கரிக்கோச்சி!” என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மாமா, “டீசல்தான் திறம்” என்றார்.

“அதில புகை வராதே, மாமா.”

“ஆர் சொன்னது? கறுப்பாய்த் தள்ளும். கொப்பற்ற சுருட்டை விட மோசம்.”

“என்ர சுருட்டு உனக்கென்ன செய்தது?” என்றார் அப்பா.

அம்மா வேறு வழியில் வந்தார். “கரிக்கோச்சி திரும்பி வர அஞ்சு மணி. ஞாயிறு நாலரைக்கே ராகுகாலம் தொடங்கியிடும். வேண்டாம்.”

ராகுகாலம் பார்த்து அம்மா ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. நான் விடவில்லை. “இஞ்சை கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கினம். அப்ப அஞ்சரைக்குத்தான் ராகுகாலம்!”

“இவனைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டது பிழை” என்று அம்மா தலையில் கைவைத்தார். ஆனாலும் டீசல்தான் என்று முடிவாயிற்று. இரண்டு நாள் நான் மாமாவோடு கதைக்கவில்லை.

ஞாயிறு விடியவே அப்பாவின் சிநேகிதர் தன் காரில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினார். மண்ணிறமும் வெண்ணெய் நிறமும் பூசிய பெட்டி, கிழட்டு மாடுபோல நின்று இரைந்துகொண்டிருந்தது. புறப்பட்டுச் சிறிது தூரத்தில், தொப்பியும் சீருடையுமாக ஒருவர் எங்கள் இருக்கையடியில் வந்து நின்றார். மாமாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. வந்தவர் மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

“என்னவாம்?” என்றார், வாய் அசையாமல்.

“கோச்சி பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறார், மாமா.”

மாமா மூச்சை விட்ட சத்தம் இயந்திர இரைச்சலுக்கு மேலால் கேட்டது. “ஓம் எண்டு சொல்லு. நல்லாப் பிடிச்சிருக்கெண்டு சொல்லு. இன்னும் சொல்லடா!”

நான் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் சிரித்து, மாமாவை ஓட்டுநரிடம் கூட்டிப்போய் ஹோர்னை அடிக்கவிட்டார். மாமா அதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வயலில் நின்ற ஆடுகள் சிதறி ஓடின. “காணும், இறங்கி வா!” என்று அம்மா கத்தினார். சிரித்துக்கொண்டேதான் கத்தினார். டீசல் என்றால் இவருக்கு இவ்வளவு பைத்தியமா என்று எனக்கு வியப்பாக இருந்தது; கோபமும் ஆறிவிட்டது.

அடுத்த வருடம் மாமாவுக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அதைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவிலிருந்து வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டு வியா மக்வேதா தெரு நீளத்துக்கும் நடந்தார். பெரிய ஸ்டேஷன் வாசலில் எப்போதும் நிற்கும் பொலிஸ்காரர்களுக்கு முன்னால் அங்குமிங்குமாக இரண்டு முறை நடந்துவிட்டு, “வாற ஞாயிறு கரிக்கோச்சி” என்றார்.

மாமாவுக்கு டீசல் அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.