என் மகன் பேரில் இன்னொருவன் கேஸ்

காலை பதினொன்று பத்துக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டையா, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அச்சங்குளத்துல வெடிச்சதே, அந்தச் சிவகாசிக் கேஸ்ல உங்க பையன் இருக்கானேம்மா. சொல்லவே இல்ல?"



என் மகன் பட்டாசு ஆலைக்குள் காலே வைத்ததில்லை. துபாயில் வேலை கிடைத்திருந்தது. அந்த மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

எங்கள் பக்கம் தலைப்பிள்ளைக்குக் குலசாமி பேர்தான். ஒரே கோயிலைக் கும்பிடும் ஊர்களில் அதே பேர், அதே இனிஷியலில் எத்தனையோ பேர். "அது வேற ஆளுய்யா" என்றேன்.

"இருக்கலாம். எங்க லிஸ்ட்டுல பேரு மட்டும்தான் இருக்கு. கேஸ் முடிஞ்சிருச்சு, தீர்ப்புல அப்பா பேரு, ஊரு எல்லாம் இருக்கும். நகல் வாங்கிக் காட்டுங்க, எழுதிருதேன்."

நானும் மகனும் சிவகாசி கோர்ட்டுக்குப் போனோம். ஸ்டேஷனில் வாங்கிய நம்பரை நீட்டினேன். "இது எஃப்ஐஆர் நம்பரும்மா. கோர்ட் நம்பர் வேற" என்ற எழுத்தர், "விபத்து எங்கன?" என்றார்.

"அச்சங்குளம்."

"அப்பச் சாத்தூருக்குல்ல போகணும்!"

எங்கே வெடித்தாலும் சிவகாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு நாள் வீண்.

சாத்தூரில் கேஸ் நம்பர் கிடைத்தது. நகல் கேட்டதும், "இந்தக் கேஸ்ல நீங்க யாரு?" என்றார்கள்.

"யாருமில்ல."

யாருமில்லாதவர் காரணம் எழுதி, பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டுமாம். நீதிபதி உத்தரவிட்டால்தான் நகலாம். சம்பந்தமில்லை என்று காட்டத்தான் நகல் கேட்கிறேன். சம்பந்தமில்லாததால் உடனே தர முடியாது! மனு எழுத நாங்கள் பிடித்த வக்கீலிடம் கத்தினேன். பேர் தெரிந்த, முகம் தெரியாத அந்த ஆளையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். வக்கீல் சிரித்தார். "மனுவையும் போடுவோம். அந்த ஆளோட வக்கீல் நமக்குப் பழக்கம்தான். அவருகிட்டயும் சொல்லி வைக்கேன்."

உத்தரவு வரவில்லை. மாதம் முடியப்போகிற ஒரு காலையில் வாசலில் ஒருவர் நின்றார். முன்கையெல்லாம் தீத்தழும்பு. கையில் பிளாஸ்டிக் உறை.

"நான்தாம்மா உங்க மகன் பேருள்ளவன். எனக்கு விடுதலையாயிருச்சு. இது தீர்ப்பு நகல். ஏட்டையாகிட்டக் காட்டிட்டுப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்க. வேலை கேட்டுப் போற கம்பெனியில எல்லாம் இதத்தான் கேக்காக."

உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வெயிலில் வந்தவரை உள்ளே கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

"என்னய ரொம்ப ஏசுனீகளாமே, வக்கீல் சொன்னாரு" என்று சிரித்தார். "ஏசுனது ஏசுனீக, ஒரு செம்பு தண்ணி குடுங்கம்மா."