நல்ல காலை நொண்ட வைத்தவள்

வெட்டுக்கிளி என்று அவளுக்குப் பெயர் வைத்தது வாலிபால் அணி. அவள் எழும்பி அடித்தால் எதிரணிக்காரிகள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருநாள் இறங்கும்போது கால் பிசகி, இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மாதங்கள் ஓடியும் வாய்ச்சவடால் மட்டும் குறையவில்லை. விசாரித்தவர்களையெல்லாம் "பயமா? எனக்கா?" என்று கேலி செய்தாள்.

அணிக்குத் திரும்ப வேண்டுமானால் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ அக்காவின் சோதனையில் தேற வேண்டும். ஒற்றைக்காலில் தாவி, இடது கால் வலது காலின் தூரத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டால் மைதானம்; இல்லாவிட்டால் இந்த சீசன் முழுக்க பெஞ்சு. இடது காலால் முழுசாகத் தாவ அவளுக்குத் துணிவு வரவில்லை. உடனே குறுக்குப் புத்தி விழித்துக்கொண்டது. இடது கால் அதிக தூரம் தாவாவிட்டால் போகிறது, வலது காலைக் குறைத்துத் தாவினால் சரிக்குச் சரி ஆகிவிடுமே!

அப்படியே தாவினாள். தரையில் இழுத்த சாக்பீஸ் கோடுகள் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல அருகருகே இருந்தன. வெட்டுக்கிளி பல்லைக் காட்டினாள்.

"ஆமா, உன் நல்ல காலு எப்போலேர்ந்து நொண்டுது?" என்றாள் அக்கா.

"காலைல சாப்பிடலக்கா. அதான் தெம்பு இல்ல."

"பசி வலது காலுக்கு மட்டும்தானா?"

குட்டு உடைந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், கண்ணீர் கேட்கவில்லை.

"பயமா இருக்குக்கா. அன்னிக்கு இறங்கும்போது 'படக்'குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. மறுபடி கேட்டுடுமோன்னு..."

"அடிப்பாவி, இதச் சொல்ல இவ்ளோ நாளா? முழங்காலு எப்பவோ தயார். நீதான் அத நம்பல. இனிமே ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு 'பயமா இருக்கு'ன்னு சொல்லிட்டுத் தாவு."

சிகிச்சை அறையின் பக்கத்துக் கட்டிலில் தோளுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த பெரியவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெட்டுக்கிளிக்கு மானம் போனது. ஆனாலும் தினமும் கத்திவிட்டுத் தாவினாள். கத்தக் கத்த இடது காலின் கோடு முன்னே நகர்ந்தது. அடுத்த சோதனையில் இரண்டு கால்களாலும் நாணயமாகத் தாவித் தேறினாள்.

முதல் ஆட்டத்தில் பந்து உயரே வந்தது. பக்கத்தில் நின்ற தோழி கிசுகிசுத்தாள்.

"பயமா இல்லியாடி?"

"உசுரே போகுது. தள்ளி நில்லு, நான் இறங்கணும்!" என்று கத்திக்கொண்டே வெட்டுக்கிளி எழும்பினாள்.